ஏழு நிமிஷம் முந்திப் போன நிலா

"உங்க நேரம் தப்பா இருக்கும்போல, சார்" என்று அந்த மேடம் போனில் சொன்னபோது, நான் பாபநாசத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஏணி மேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக சிசிடிவி மாட்டுவதுதான் என் தொழில். படம் மங்கல், ஒயரை எலி கடித்துவிட்டது, ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். நிலா சம்பந்தமாக வந்த முதல் புகார் அதுதான்.

விஷயம் இதுதான். விண்வெளியில் திரியும் சின்னக் கற்கள் நிலாவில் போய் மோதும். தடுக்க அங்கே காற்று இல்லை. மோதிய இடத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்து போகும். பிறை நாட்களில் நிலாவின் இருட்டுப் பகுதியில் அதைப் பிடிக்கலாம். விஞ்ஞானிகளால் எல்லா ஊரிலும் உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் என்னைப் போன்ற ஆர்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இருட்டில் படம் பிடிக்கும் கேமராவுக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஒரு டெலஸ்கோப் வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். "நிலாவுல என்ன திருட்டுப் போகப்போகுதுன்னு கேமரா மாட்டுறீங்க?" என்று என் மனைவி செல்வி கேட்டாள். தெரு முழுக்க அதையே சொல்லியும் வைத்தாள்.

எட்டு மாதம் ஒன்றும் சிக்கவில்லை. ஒரு வளர்பிறையில், விளக்கு வைத்த சற்று நேரத்தில், சிக்கியது. இரண்டே ஃப்ரேம், உளுந்தளவு வெளிச்சம். அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், சாப்பாடு இறங்கவில்லை. திரையில் காட்டிய நேரத்தோடு மேடத்துக்கு அனுப்பிவைத்தேன். தகவல்களைச் சரிபார்க்கும் விஞ்ஞானி அவர்தான்.

ஒருவர் மட்டும் பார்த்தால் கணக்கில் சேராது. கேமராக் கோளாறாக இருக்கலாம், செயற்கைக்கோள் மினுங்கியதாகவும் இருக்கலாம். வேறு ஊரில் இன்னொருவரும் அதே நொடியில் பார்த்திருக்க வேண்டும். அன்று மதுரைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவரும் ஒரு வெளிச்சத்தைப் பிடித்திருந்தார். "இடம் ஒத்துப்போகுது, சார். நேரம் ஏழு நிமிஷம் போல இடிக்குது. இப்படியே இருந்தா ரெண்டையும் ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்" என்றார் மேடம்.

ஏணியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் கடையிலும் ரைஸ்மில்லிலும் வேலையாட்கள் தாமதமாக வருகிறார்கள் என்று முதலாளிகள் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் வைக்கச் சொல்வார்கள். நானும் ஐந்தோ பத்தோ கைக்கு வந்தபடி கூட்டி வைப்பேன். மாடியில் இருந்த டிவிஆர், அதாவது படத்தைப் பதிவு செய்யும் பெட்டி, ஒரு கடையில் கழற்றிய பழசு. அங்கே கூட்டி வைத்த நேரத்தை நான் திருத்தவே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போன கையோடு செல்போனைப் பார்த்து டிவிஆரின் நேரத்தைத் திருத்தினேன். பிறகு மேடத்துக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, இப்போது சரிசெய்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "மாத்துறதுக்கு முன்னாடி எவ்வளவு வித்தியாசம் இருந்துச்சுன்னு எழுதி வச்சீங்களா?"

"சுமாரா ஏழு நிமிஷம் மேடம்."

"அது நான் சொன்ன ஏழு, சார். எனக்கு நொடி சுத்தமா வேணும்."

இருந்த ஒரே அத்தாட்சியை என் கையாலேயே அழித்துவிட்டேன். எட்டு மாத உழைப்பு, ஒரு பட்டனில் போச்சு. அன்றைக்கு நான் பேசிய பேச்சில் பாதியை அச்சில் போட முடியாது.

பதிவு மட்டும் பத்திரமாக இருந்தது. மறுநாள் அதைத் துக்கத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற செல்வி, "ஓரத்துல ஒரு புள்ளி இருந்துச்சே, எங்க போச்சு?" என்றாள். லென்ஸில் தூசி என்று நான் நினைத்திருந்த புள்ளி அது. பின்னோக்கிப் போய் மறுபடி ஓட்டினேன். நிலாவின் இருண்ட ஓரம் நெருங்கி வர, ஒரே ஃப்ரேமில் அது காணாமல் போனது. தூசி இல்லை, நட்சத்திரம். நிலா அதை மறைத்திருக்கிறது.

மேடத்திடம் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. எந்த ஊரில் எந்த நட்சத்திரம் எப்போது நிலாவுக்குப் பின்னால் மறையும் என்று நொடி சுத்தமாகக் கணக்குப் போடலாமாம். எங்கள் மாடி இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலம் பதில் வந்தது: என் டிவிஆர் ஏழு நிமிஷம் பதினெட்டு விநாடி முந்தி ஓடியிருக்கிறது. அதைக் கழித்தால் நான் பார்த்ததும் மதுரைக்காரர் பார்த்ததும் ஒரே நொடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, செல்வி பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

அன்றைக்கே மதுரைக்காரரும் போன் செய்தார். "ரெண்டு வருஷமா பாக்குறேண்ணே. இதுதான் எனக்கு மொதல்" என்றார். அதுவரை நான் என் எட்டு மாதத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வெட்கத்தை மறைக்க அழுத்திய பட்டன் அவருடைய இரண்டு வருடத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கும். மறைக்காமல் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"தப்பு இருந்தா இருக்கட்டும்ணே. எவ்வளவு தப்புன்னு எழுதிட்டு அப்புறம் திருத்துங்க" என்றார்.