கிரீஸ் ஒட்டாத தட்டு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டே கால் மணிக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. குடித்திருந்தாயா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் டீயைத் தவிர எதையும் தொடாதவன்.

லாரி ஷெட்டில் கிரீஸ் போடுவது என் வேலை. இந்த ஷெட்டில் சேர்ந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். சேர்த்துவிட்டவர் அங்கே ஃபோர்மேனாக இருந்த என் அத்தான், கூடப்பிறந்த அக்காவின் புருஷன். ஏழு மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவனை அவராகவே கூப்பிட்டார். அவர் கிழித்த கோட்டைத் தாண்டுவதில்லை என்று இருந்தேன்.

டிரெய்லர் இழுக்கும் லாரியின் முதுகில் லாட வடிவத்தில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். டிரெய்லரின் அடியில் உள்ள தடித்த முளை அதன் நடுவே வந்து விழுந்ததும், உள்ளே இருக்கும் தாடை அதைக் கவ்விக்கொள்ளும். இருபத்தைந்து டன் சுமையும் அந்தப் பிடியில்தான். அதனால் பழைய கிரீஸை முழுக்கச் சுரண்டி, மண்ணெண்ணெயில் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புது கிரீஸ் தடவ வேண்டும். அன்றைக்கு அத்தான் போனில் வேறு மாதிரி சொன்னார்.

“சுரண்டிக்கிட்டு உக்காராதே. மேலாகத் தடவிட்டு செக்கிங் சீட்டுல கையெழுத்துப் போட்டுடு. அஞ்சு மணிக்குச் சுருட்டை வண்டியை எடுக்கணும்.”

சுருட்டை எங்கள் டிரைவர். ஆறு மாதமாக ஓரம் கட்டியிருந்த அந்த லாரியில், சுமையோடு மலைச்சாலையில் இறங்கப் போகிறவன்.

“சரிங்கத்தான்” என்றேன். பழைய கிரீஸ் மேலேயே புதுசை அப்பினேன். மணி 2:15. ஷெட்டில் நான் ஒருத்தன்தான். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தேன்.

கை கழுவிவிட்டுத் திரும்பினேன். தட்டின் வலது பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கிரீஸ் இல்லை. வெறும் இரும்பு பளபளத்தது. அடியில் இருந்த பழசும் சேர்ந்தே போயிருந்தது. பூனை வேலையாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். எந்தப் பூனை கிரீஸ் நக்கும், சொல்லுங்கள்.

2:24. மறுபடி தடவினேன். குனிந்து டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தேன்... அதே இடம். இந்த முறை ஈரமாக இருந்தது. மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. நான் கேனைத் திறக்கவே இல்லை.

2:31. மூன்றாவது முறை தடவினேன். கண்ணை எடுக்காமல் நின்றேன்.

கரக்...

கரக்...

கிரீஸ் தானாக விலகியது. தகடு வைத்துச் சுரண்டினால் சுருண்டு வருமே, அப்படி வந்தது. தகடு இல்லை. கையும் இல்லை.

மூன்று இழுப்பு. பிறகு ஒரு மூச்சு... என் காதருகே.



கரக்...

ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. பட்டி. ஓட்டை அடைக்கிற அந்தப் பசையை வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். அடியில் விரிசல். என் நகம் உள்ளே போனது.

சத்தம் நின்றுவிட்டது.

அத்தானுக்குப் போன் போட்டேன்.

“அத்தான், தட்டுல விரிசல் இருக்கு. யாரோ பட்டி வெச்சு மூடியிருக்காங்க.”



“அதை எதுக்குடா சுரண்டினே?”

என்ன விரிசல் என்று கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை. இனி அந்த ஆளுக்கு என்னிடம் மரியாதை கிடையாது. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் சுருட்டை மலையில் செத்திருப்பான். நான் ஜெயிலில் இருந்திருப்பேன். இவன் அங்கே வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பான்.

சீட்டைக் கிழித்துப் போட்டேன். சுருட்டையிடம் சொன்னேன். வண்டி கிளம்பவில்லை.

மறுநாள் சுருட்டை என்னைத் தனியாகக் கூப்பிட்டான். ஆறு மாதத்துக்கு முன்னால் அதே லாரியிலிருந்து டிரெய்லர் கழன்று, பின்னால் உருண்டு, அப்போது கிரீஸ் வேலையில் இருந்தவனைச் சுவரோடு நசுக்கிக் கொன்றுவிட்டதாம். “தட்டைப் புதுசா மாத்தியாச்சுன்னு உங்கத்தான் எங்ககிட்ட சத்தியம் பண்ணாரே” என்றான்.

நேராக அக்காவிடம் போனேன். அவளுக்காவது எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

“தெரியும்டா” என்றாள். “அவன் செத்ததுக்கப்புறம் மூணு பேரைச் சேர்த்தாரு. அந்த வண்டியில கிரீஸ் நிக்கவே மாட்டேங்குதுன்னு மூணு பேரும் ஓடிட்டாங்க. சொந்தக்காரன்னா ஓடமாட்டான்னு... நான்தான் உன் பேரைச் சொன்னேன்.”