முத்லக் வீட்டுச் சுவர்

முத்லக்குக்கு எப்போதும் வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். வேலையில் மட்டும் அப்படியில்லை. சவூதியின் ஹுஃபூஃப் நகரத்தில் எழும்புகிற புதுக் கட்டடங்களின் சுவர் வெயிலைத் தாங்குமா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் அவன். எண்ணெயைத் தண்ணீராய்ச் செலவழித்த ஊருக்கு இப்போதுதான் சிக்கனம் ஞாபகம் வந்திருக்கிறது. நடுவில் தெர்மாகோல் வைத்த கல்தான் போட வேண்டும், ஏ.சி. குறைவாக ஓட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பெரிய கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். பழைய ஹாலோ பிளாக் அடிக்கிற சின்ன ஆட்கள் பாடுதான் திண்டாட்டம். அவனுடைய தாய்மாமன் துகைமின் பட்டறையில் வாங்க ஆளில்லாமல் கல் மலையாய்க் கிடந்தது.

அந்த மாமா ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு முத்லக் வீட்டு மஜ்லிஸுக்கு, விருந்தாளிகளை உட்காரவைக்கிற கூடத்துக்கு, வந்தார். கூடவே சொந்தக்காரர்கள் ஒரு கூட்டம். முத்லக் கஹ்வா காபி ஊற்றிக் கொடுத்தான். மாமா வாங்கினார், குடிக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஏதோ கேட்க வந்திருக்கிறார், தருகிறேன் என்று சொல்லும்வரை குடிக்கமாட்டார். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்கே மானக்கேடு. என்ன வேண்டும் என்று முதலில் கேட்டிருக்கலாம். புத்தியுள்ளவன் கேட்பான். இவன் வாய் சும்மா இருக்குமா?

"குடிங்க மாமா. நீங்க கேட்டது கிடைச்சாச்சு."

மாமா ஒரே மடக்கில் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். புதுப் பள்ளிக்கூடத்துக்குத் தன் கல்லை இறக்கப்போகிறாராம், முத்லக் கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டுவிட வேண்டுமாம். போட்டால் பிள்ளைகள் அந்தச் சுவருக்குள் வேகும், அவன் வேலையும் போகும். மறுத்தால் இனி யார் முகத்திலும் விழிக்க முடியாது. வசமாக மாட்டிக்கொண்டான்.

"கல்லு விக்கணும், அவ்வளவுதானே மாமா?" என்றான் கடைசியில். "பள்ளிக்கூடம் வேணாம். மொத்தத்தையும் என் வீட்டுக்கு இறக்கிடுங்க."

அவன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அனுமதி புது விதிக்கு முன்பே வாங்கியது. எந்தக் கல்லும் போடலாம். மாமா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டுச் சரி என்றார். வந்தவர்கள் எல்லாம் முத்லக்கைப் புகழ்ந்தார்கள். அவனுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

மனைவி வத்ஹாவிடம் சொல்லத்தான் திணறிப்போனான். மேல்மாடி வாடகை வீட்டில் வருஷக்கணக்காய் வெந்தவள் பாவம். புது வீடாவது குளுகுளுவென்று இருக்கட்டும் என்று தெர்மாகோல் கல்லை அவளே கடைகடையாய் ஏறி இறங்கிப் பார்த்து வைத்திருந்தாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. வழக்கம்போல மூத்த மகன் பேரைச் சேர்த்து, ராகானின் அப்பா என்றே கூப்பிட்டாள்.

"அபூ ராகான், வாக்குக் குடுத்தது நீங்க. வேகறது மட்டும் நாங்களா?"

லாரிகள் வந்தன, சுவர் எழும்பியது. பள்ளிக்கூடமாவது தப்பித்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

எங்கே தப்பித்தது? சோதனைக்குப் போன அன்று பள்ளிக்கூட வாசலில் அதே ஹாலோ பிளாக் குவிந்து கிடந்தது. முத்லக் கொடுத்த காசில் மாமா பட்டறையை மறுபடி ஓட்டிப் புதிதாய் அடித்த கல்! எடுத்துக்கொண்டு போகச் சொன்னான் முத்லக். பள்ளிக்கூடத்தைக் கட்டுகிற காண்ட்ராக்டர் ஷாஃபி அசையவில்லை.

"இன்ஜினியர் சார், உங்க மாமா ஆள் ஆளாக் கூட்டிட்டுப் போய் உங்க வீட்டுச் சுவரைத்தானே காட்டுறாரு. உங்க பிள்ளைங்களுக்கு ஆகிற கல்லு, ஊரான் பிள்ளைக்கு மட்டும் ஆகாதா?"

வேலையாட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆகாது," என்றான். "என் பிள்ளைங்களுக்கும் ஆகாது. தெரிஞ்சேதான் போட்டேன்."

கல் திரும்ப லாரியில் ஏறியது. முத்லக்கின் வீட்டுக்கு, அதே கல் சுவரின் மேலேயே, அந்த வாரமே கூரை போட்டார்கள்.