நீலப் புகையும் மெக்கானிக் செல்வமும்

செல்வம் போய்விட்டான் என்று மகள் வந்து சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆர், ஓர்ஸ் ஹில்ல இருக்கிற மெக்கானிக்கோ?"

"ஓம் அம்மா. விடிய நெஞ்சு நோகுது எண்டவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். என்னைவிட எவ்வளவோ இளையவன். முந்திக்கொண்டு போக அவனுக்கு என்ன அவசரம்?

அவனுடைய கராஜுக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதலில் பேச்சு வாங்க வேண்டும், பிறகுதான் வேலை. ஒருநாள் ஒரு கடை முதலாளி கறுப்புப் புகை கக்கும் மோட்டார் சைக்கிளோடு வந்தார். செல்வம் காற்று வடிகட்டியைக் கழற்றி அவர் காலடியில் தட்டினான். ஒரு சிரங்கை மண் கொட்டியது. "முதலாளி, உங்கட மூக்கைப் பொத்திப்போட்டுச் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவீங்களோ? பெற்றோல் போகுது, காத்துப் போகேல்ல. கறுப்பாத்தான் துப்பும்." முதலாளி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் மோட்டார் சைக்கிளைத் தொடாமல் காலையிலிருந்து என்னையும் மருமகனையும் இருத்தி வைத்திருந்தான்.

மருமகன் குகன் அதில்தான் மீன்பெட்டி கட்டிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் வீடுவீடாக விற்கிறவர். அது ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் உலை இல்லை. அந்தக் கிழமை அது நீலப் புகை விட்டது, நின்ற இடத்தில் தடுமாறித் தடுமாறி நின்றுபோனது. செல்வம் காபரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஜெட்டின் ஓட்டையை ஊதிப் பூட்டினான். புகை போகவில்லை. பிளக்கைக் கழற்றினான். எண்ணெய் பிடித்துக் கறுப்பாகப் பிசுபிசுத்தது.

"நீலப் புகை எண்டால் ஒயில் எரியுது அக்கா. பிஸ்டன் ரிங்ஸ் தேஞ்சு முடிஞ்சுது. எஞ்சின் பிரிக்கோணும்."

"எப்ப தருவாய்?"

"சாமான் கொழும்பில இருந்து வரோணும். அதைக் கடவுளிட்டத்தான் கேக்கோணும்."

"போன கிழமை நல்லா ஓடினது, அதுக்குள்ள எப்பிடியடா ரிங்ஸ் தேயும்?"

"அக்கா, நீங்கள் மீனைப் பாருங்கோ. நான் எஞ்சினைப் பாக்கிறன்."

இந்தச் சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவன் திரும்பவும் உதைத்து எஞ்சினை எழுப்பினான். புகை என் முகத்தில் அடித்தது. எங்கள் ஊர் சல்லியின் கடற்கரையில் படகு தள்ளும் ஒவ்வொரு விடியலிலும் நான் குடித்த புகை அது. "டாங்கியைத் திற" என்றேன். அவன் திறக்கவில்லை. நானே திறந்து மூக்கை வைத்தேன்.

"தம்பி குகன், இதுக்குள்ள என்னத்தை ஊத்தினனீர்?"

அதுவரை தலையைச் சொறிந்துகொண்டு நின்ற மனிதர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பெற்றோல் செட்டில சரியான கியூ மாமி. மாமான்ர படகுக் கானில கிடந்த பெற்றோலை ஊத்தினனான்."

படகு எஞ்சினுக்குப் பெற்றோலிலேயே ஒயில் கலந்து வைப்பது எங்கள் வழக்கம். அதற்கு அது வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அது நஞ்சு. எஞ்சினைப் பிரிக்கப் போகிறான் என்று கேட்டும் வாய் திறக்காத மருமகனை என்ன செய்வது?

செல்வம் டாங்கியை வடித்து, பிளக்கைத் துடைத்து, நல்ல பெற்றோல் விட்டான். திரும்பவும் நீலப் புகை. அவன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களோ, ரிங்ஸ்தான்!"

"சைலன்சருக்குள்ள பிடிச்ச ஒயில் எரிஞ்சு முடியட்டும். ஓடவிடு" என்றேன்.

குகன் சாம்பல்தீவு வரை போய்த் திரும்பினார். புகையும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. "நீங்கள் சொன்னது சரி அக்கா" என்ற ஒரு சொல் அவன் வாயில் வரவேண்டுமே! கையைத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். பிறகு வருகிறவர்களிடமெல்லாம், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "புகை எண்டால் முதல் டாங்கியை மணந்து பாக்கோணும். கடற்கரைச் சனம் ஊத்தினதைச் சொல்லமாட்டினம்" என்று தான் படித்துக் கண்டுபிடித்ததுபோல அளந்தான். வருஷக்கணக்காக அளந்தான்.

செத்தவீட்டிலும் நிலாவெளிக்காரர் ஒருவர் அதையே சொல்லி, "என்ன மூளை அந்த மனுசனுக்கு!" என்று உருகினார். எனக்குப் பொறுக்கவில்லை. வாயெடுக்கப் போனேன். செல்வத்தின் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"அதைச் சொன்னது நீங்கள்தானே அக்கா. அண்டைக்கு அவர் வீட்டை வந்து சோறும் தின்னேல்ல. 'சல்லி அக்கா இல்லாட்டி ஒரு வீட்டுப் பிழைப்பைப் பிரிச்சுப் போட்டிருப்பன்' எண்டு எத்தினை தரம் சொன்னவர்."

பெண்சாதியிடம் சொன்னவனுக்கு என்னிடம் சொல்ல வாய் நோகுமா? பெட்டிக்குக் கிட்டப் போய் அவன் முகத்தைப் பார்த்தே கேட்டேன். "எனக்குச் சொன்னால் என்னடா? ஒருநாள் எனக்குச் சொல்லியிருந்தால் என்னடா?" நான் ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைத்துச் சுற்றி இருந்த பெண்களும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நான் விளக்கவில்லை. எனக்கும் கண் நிறைந்துதான் இருந்தது.

அவனுடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இந்தக் கோபம்தான் இருக்கிறது. அதை நான் ஆறவிடப்போவதில்லை.