மருதங்குளத்து மஞ்சள் பை

கலேவெலைக்குப் பக்கத்தில் மருதங்குளம் என்றொரு குளம். அரசாங்கக் குளம், எல்லாருக்கும் பொது. பொது என்றதும் ஊர்க் குப்பை எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்தது. அந்த நாற்றத்துக்குள் இறங்க ஆண்பிள்ளைகள் ஒருவரும் வராததால், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விவசாயச் சங்கத்தார் றுஸைனாவின் தலையில் கட்டினார்கள்.

அவளும் விடிந்தால் மண்வெட்டியும் கம்புமாகக் கிளம்பிவிடுவாள். செத்த பூனையைக்கூடக் கூசாமல் தூக்கிப் புதைத்தவள். அப்படிப்பட்டவளே அந்த வியாழக்கிழமை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மருத மர வேரில் சிக்கியிருந்த மஞ்சள் பைக்குள் கோழிக்குடல் புழுத்து நெளிந்துகொண்டிருந்தது. பையில் அச்சடித்திருந்த கோழிப் படத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது: தன் தம்பி நளீமின் கோழிக்கடைப் பை. அவன் மகன் நப்லானுக்குத்தான் தன் மகள் றிஸ்மியாவைப் பேசி வைத்திருந்தாள். அடுத்த மாதம் கலியாணம்.

பையைக் கம்பில் மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

"என்ன ராத்தா இது, யாவார நேரத்தில!"

"உன்ட சாமான்தான். குளத்தில மறந்து வச்சிட்டு வந்துட்ட போல."

"ஊரே போடுது. நான் போட்டதுதான் உங்கட கண்ணுல பட்டிச்சா?"

"பள்ளிவாசல் ஹவுள் தொட்டிக்கு எங்க இருந்துடா தண்ணி வருது, இந்தக் குளத்துல இருந்துதானே? நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்கு வுழூ எடுத்துக் கை கால் கழுவக்குள்ள, உன்ட கோழிக்குடல் ஊறின தண்ணிலதான் நீ வாய் கொப்பளிக்கப் போற!"

முட்டை வாங்க வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். நளீமின் முகம் கறுத்தது.

"சங்கத்தில என்ட பேரைச் சொல்லிப் பாருங்க. மகள்ட கலியாணம் அதோட முடிஞ்சிது."

றுஸைனா வீட்டுக்கு வந்து றிஸ்மியாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேரைச் சொன்னா கலியாணம் நின்டு போகும் மகள். நீ சொல்றதுதான் முடிவு."

றிஸ்மியா மூக்கைச் சுளித்தாள். "நப்லான் மச்சான்தான் அதைக் கொண்டு போய் எறியிற உம்மா. என்ட கண்ணால கண்டேன். கேட்டதுக்குச் சிரிக்கிறாரு. நீங்க சொல்லுங்க."

அன்று மாலைக் கூட்டத்தில் றுஸைனா எழுந்து பேரைச் சொன்னாள். தன் கூடப்பிறந்த தம்பி என்பதையும் சேர்த்தே சொன்னாள். மறுநாள் ஜும்ஆ முடிந்த கையோடு, சங்கத்தார் தீர்த்துச் சொன்னபடி தகப்பனும் மகனும் ஊர் பார்க்க முழங்கால் சேற்றில் நின்று வேரோரம் கிடந்ததை எல்லாம் வாரினார்கள்.

மூன்றாம் நாள், கலியாணம் பேசியபோது மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கடிகாரம் திரும்பி வந்தது, அதே கடையின் மஞ்சள் பையில். றுஸைனா கையை நீட்டிப் பிடித்து முதலில் மோந்து பார்த்தாள். பிறகு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, பையைச் சுருட்டித் தன் வீட்டுக் குப்பை வாளியில் அமுக்கினாள்.

"இந்த ஒண்டாவது குளத்துக்குப் போகாது" என்றபடி சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். ஒரு தடவை போதவில்லை அவளுக்கு.