இறங்க வேண்டிய முள்

கோமதி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் பழைய கார் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தங்கைதான் போனில் பேசினார். "அண்ணே, அக்கா போயிட்டா" என்றார். பழுது பார்த்த காரை எடுத்துப்போக வந்திருந்த ஒருவர் வாசலில் சாவியோடு நின்றிருந்தார். "யாரு, கோமதி அம்மாவா?" என்று கேட்டவர், தன் காரைத் திரும்பிப் பார்த்தார். "கெளம்புற நேரத்துல இந்தச் சேதி காதுல விழுந்துருச்சே. வண்டி இங்கனயே நிக்கட்டும், நாளைக்கு வாரேன்" என்று சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார்.

செத்த பிறகும் அக்கா ஒரு வண்டியை நிறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் அவர் பெயருக்கு அப்படி ஒரு பயம் உண்டு. அந்தப் பயம் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பாதியைத்தான் சொல்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா முதலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுத்தவர். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் அவருடைய வீட்டுக்காரர் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே அவர் காலமானார். அக்கா வேலையை விட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தார். கணவர் விட்டுப்போனதில் கடை போக, இங்கிலாந்தில் செய்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழைய பந்தயக் கார் ஒன்றும் இருந்தது. அதை விற்காமல் தானே ஓட்டினார். தொண்ணூறுகளில் திண்டுக்கல் ரோட்டில் ஒரு பெண், அதுவும் பொட்டு வைக்காத பெண், அப்படி ஒரு காரை ஓட்டிப் போவது சின்ன விஷயமில்லை. முதலில் பேசினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். கடைசியில் கல்யாண வீடுகளில் அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு ஊர் அவர் விதவை என்பதையே மறந்திருந்தது. நான் ஒன்றுமில்லாமல் வந்து தொழிலில் நின்றவன். சம்பாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அக்கா சம்பாதித்த அந்த இடம் என் சம்பாத்தியத்தைவிடக் கஷ்டப்பட்டு வந்தது.

எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. அப்போது மலை எஸ்டேட்டுகளில் துரைமார் விட்டுப்போன பழைய கார்களை வாங்கி வெளியூர் ஆட்களுக்கு விற்க ஆரம்பித்திருந்தேன். அப்படி முதலில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை அக்கா கடை வாசலில் பெருமையாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பாருங்கக்கா, எண்ணெய் அழுத்தம் காட்டுற முள்ளு எண்பதுல நிக்குது. எஞ்சின் அம்புட்டுத் திடம்."

"இப்பத்தானே ஸ்டார்ட் பண்ணுன? காலையில எல்லா முள்ளும் நல்ல முள்ளுதான். செம்பட்டி வரைக்கும் மிதிச்சுட்டு வா. சூடானதுக்கப்புறம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

போய்த் திரும்பி வந்தேன். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டதும் முள் கிட்டத்தட்ட அடியிலேயே படுத்துவிட்டது. மிதித்தாலும் சோம்பேறி மாதிரி எழுந்தது. அக்கா எண்ணெய்க் கம்பியை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தார்.

"வித்தவன் லாரி கியருக்கு ஊத்துறதைக் கலந்திருக்கான். எண்ணெய் கெட்டியா இருந்தா முள்ளு தூக்கிக் காட்டும். உன்னை ஏமாத்திட்டான்."

"அழுத்தம் இருக்குன்னா எண்ணெய் நல்லா ஓடுதுன்னுதானே அர்த்தம்?"

"ஏலே ராசு, தண்ணிக் குழாயை விரலை வச்சு அடைச்சா என்ன ஆகும்? முட்டும். முட்டுறது வேற, ஓடுறது வேற."

அன்றைக்கு அவர் சொன்னதுதான் இன்றைக்கு வரைக்கும் என் தொழிலுக்கு முதல். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள், குளிர்ந்த எஞ்சினில் மேலே நிற்கும். சூடேறி ரோட்டில் ஓடும்போது நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருந்தால் போதும். வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் பதினைந்து, இருபதுக்குக் கூட வரும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. மிதித்த உடனே ஏற வேண்டும், அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது விழுந்து எழுந்தால் எண்ணெய் குறைந்திருக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது என்று பொருள். "ஏறணும், இறங்கணும். ரெண்டும் செய்யுற முள்ளுக்குத்தான் உசுரு இருக்கு" என்பார் அக்கா. இது தெரியாமல் தன் காரிலேயே, முள் இறங்குகிறதே என்று பயந்து கெட்டி எண்ணெயை ஊற்றி ஓர் எஞ்சினைத் தீய்த்தவர்தான் அவரும். அதை மறைக்க மாட்டார். பிறகு நான் வாங்க, அவர் முள் பார்க்க, இருவரும் கூட்டாகத் தொழில் செய்தோம்.

அப்படி விற்றவற்றில் ஒன்று ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வாங்கியவர் ஒட்டன்சத்திரம் பக்கம் பெரிய காய்கறி விவசாயி, பெரியசாமி ஐயா. மகன் செந்திலுக்குத் திண்டுக்கல்லில் பெண் பார்த்திருந்தார். நிச்சயம் முடிந்த கையோடு அந்தக் காரிலேயே முகம் வாடிக் கடைக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, சாமி கும்பிடப் பழனி அடிவாரத்துல வண்டிய நிறுத்துனமுங்க. பாத்துட்டே இருக்கறேன், முள்ளு அப்படியே கவுந்து கீழ வந்துருச்சுங்க. எங்கக்காளும் பாத்துப்போட்டாங்க. கோயில் வாசல்ல எறங்குதேன்னு ஒரே அழுகைங்க."

அக்கா எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தார். "ஐயா, அது இறங்கத்தான் செய்யணும். இறங்காட்டித்தான் பயப்படணும். ஆனா உங்க வண்டியில வேற ஒண்ணு இருக்கு. கார்புரேட்டர்ல பெட்ரோல் நெறஞ்சு எஞ்சினுக்குள்ள வழியுது. எண்ணெய் மோர் மாதிரி நீர்த்துப்போயிரும். விட்டுட்டுப் போங்க, சரி பண்ணித் தாரேன்."

"கல்யாணம் முடியட்டுங்க. கொண்டாந்து விடறேன்" என்று போய்விட்டார்.

கல்யாணம் திண்டுக்கல் மண்டபத்தில் நடந்தது. அக்கா முன்வரிசையில் இருந்தார். சாப்பாடு முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளை ஊருக்கு வழியனுப்புகிற நேரம். வாசலில் அந்தச் சிவப்புக் கார், மாலையும் சந்தனப் பொட்டுமாக நின்றது. செந்தில் எஞ்சினைக் கிளப்பினார், பக்கத்தில் மணப்பெண் மஞ்சுளா. புகைப்படக்காரர் சத்தமாக இருக்கிறது, அணையுங்கள் என்றார். செந்தில் அணைத்தார்.

அக்கா என் கையைப் பிடித்தார். எஞ்சின் அணைந்துவிட்டது, எண்ணெய் முள் மட்டும் நட்டுவைத்த மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தது. அவர் குனிந்து நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். அசையவில்லை.

"தம்பி, இது என்ன?"

"அப்பா சரி பண்ணிட்டாருங்க" என்றார் செந்தில், சிரித்துக்கொண்டே. "கடிகாரக் கடையில குடுத்து நேரா நட்டமா ஒட்டியாச்சுங்க. இனிக் கீழயே வராதுங்க."

அக்கா கம்பியை உருவச் சொன்னார். உருவினேன். எண்ணெய் தண்ணீராக வழிந்தது, பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. மறுபடி கிளப்பச் சொன்னார். மிதித்தபோது அடியிலிருந்து, உரலில் கட்டையால் இடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மேளச் சத்தத்தில் மற்றவர்களுக்கு அது கேட்கவில்லை.

"பேரிங் போயிருச்சு, ராசு" என்றார் தாழ்ந்த குரலில். "ரோட்டுல வேகம் எடுக்குறப்ப எஞ்சின் இறுகிப்போகும். பின்சக்கரம் பூட்டிக்கிரும். பின்னாடி பஸ்ஸு வந்தா ரெண்டு பிள்ளைகளும் போச்சு."

நேராகப் பெரியசாமி ஐயாவிடம் போய் அதையே சொன்னார். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப் போகுதுங்கம்மா. முள்ளு நட்டமாத்தானுங்க நிக்குது."

"ஒட்டி வச்ச முள்ளு ஐயா அது!"

"ஒட்டுனாலும் நிக்குதுல்லீங்க?"

நானும் சொல்லிப்பார்த்தேன். விற்றவனே குறை சொன்னால் யார் கேட்பார்கள்? "இன்னொண்ணு விக்கப் பாக்குறியாப்பா?" என்று ஒருவர் கிண்டல் செய்தார், நாலு பேர் சிரித்தார்கள். அதற்குள் செந்தில் கியரைப் போட்டுவிட்டார்.

சகுனம், சாத்திரம் எதையும் நம்பாதவர் அக்கா. ஆனால் இப்போது கூட்டத்தை விலக்கிச் சுற்றிக்கொண்டு போய், எதிர்த்திசையிலிருந்து, காருக்கு நேராக நடந்து வந்தார். அவசரமில்லாமல், எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல வந்து, காரின் மூக்குக்கு முன்னால் நின்றார்.

மேளம் நின்றது. பெரியசாமி ஐயாவின் அக்காதான் முதலில் கத்தினார். "அய்யோ, இது யாரு எதுக்க வாரது! தாலி இல்லாதவ பொண்ணு மாப்பிள்ளைக்கு எதுக்க வந்து நிக்கறாளே!"

"ஆமா, தாலி இல்லாதவதான்" என்றார் அக்கா. வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். "புருசனை முழுங்குனவதான். எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க."

எண்ணெயைப் பற்றிச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இதை எல்லோரும் நம்பினார்கள். பெரியசாமி ஐயா ஓடிவந்து சாவியைப் பிடுங்கினார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் இறக்கி, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, வேறு நேரம் பார்த்து, ஒரு வாடகைக் காரில் அனுப்பினார்கள். அக்காவை யாரும் அடிக்கவில்லை, அவ்வளவுதான். அன்று அவர் முகத்துக்கு நேராக என்னென்ன சொன்னார்கள் என்பதை எழுத எனக்கு மனமில்லை. மண்டபத்தில் விட்ட செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வெளியே வந்தார்.

சாயங்காலம் அந்தச் சிவப்புக் காரை, காலியாகத்தானே போகிறது என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் ஊருக்கு ஓட்டிப் போனார். ஒட்டன்சத்திரம் போகும் வழியில் எஞ்சின் இறுகி, சக்கரம் பூட்டி, கார் சுற்றிப் புளியமரத்தடியில் கவிழ்ந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் எழுந்து நின்று பிரேக்கை மிதித்ததால் தாய்மாமன் தோள் எலும்பு முறிவோடு பிழைத்தார். அந்த எஞ்சினைப் பிறகு நான் பிரித்துப் பார்த்தேன். பேரிங்கின் வெள்ளைப் பூச்சு முழுக்கத் தேய்ந்து செம்பு தெரிந்தது. கண்ணாடிக்குள் முள் மட்டும் அப்போதும் நேராக நின்றது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? 'அவ குறுக்க வந்தா, வண்டி கவுந்துருச்சு.'

சில நாள் கழித்துப் பெரியசாமி ஐயா கடைக்கு வந்தார். நின்றபடியே பேசினார். "நீங்க சொன்னது நெசந்தானுங்க. எம் பிள்ளை உசுரு உங்களாலதான் இருக்குது. ஆனா இனிமே எங்க ஊட்டு நல்லது கெட்டதுக்கு வந்துராதீங்கம்மா. பொம்பளைக பயப்படறாங்க." அக்கா தலையை மட்டும் ஆட்டினார். ஐயா போன பிறகு கல்லாவைப் பூட்டிவிட்டு உள்ளே போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து நான் பார்க்கவில்லை. சந்தனக் கிண்ணம் வேறு கைக்குப் போனது. ஆனால் ரிப்பேர் வண்டிகள் நிறைய வந்தன. அக்கா வாசலில் வந்து நின்றாலே, ஓட்டி வந்தவர்கள் தாங்களாகவே பானெட்டைத் திறந்து காட்டினார்கள்.

என் மகள் கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் தாம்பூலத்தோடு போய் அழைத்தோம். அக்கா எடுத்துக்கொள்ளவில்லை. "நான் வந்து முன்னாடி உக்காந்தா, கோமதி நல்லவதான்னு உன் சொந்தக்காரங்க ரெண்டு பேரு சொல்லுவாங்க. வேணாம். இப்ப இந்த ஊருல நான் எதுக்க வந்தா எந்த வண்டியும் நிக்கும். அது ஒரு பிரேக்கு. மறுபடி தேவைப்படும். அதைக் கழட்டிப்போட்றாதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன வருஷம் அக்காவுக்கு ஈரலில் நோய் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோதெல்லாம் வண்டிகளைப் பற்றித்தான் கேட்டார்.

எடுக்கிற அன்று கூட்டம் குறைவு. வந்தவர்களும் தெருவின் இரண்டு ஓரமாக ஒதுங்கித்தான் நின்றார்கள். உடலை வண்டியில் ஏற்றி, டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். அப்போது தெருமுனையிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் தண்ணீர் தளும்பும் குடம். சாவு வீட்டுக்கு யாரும் அப்படி வருவதில்லை. "இது யாரு, கிறுக்குப் பிடிச்சவ?" என்று ஒரு கிழவி கேட்டார். பின்னால் செந்தில் தலை குனிந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் மஞ்சுளா என்று எனக்குத் தெரிந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. வண்டிக்கு நேர் எதிரே, நடுத்தெருவில், அவசரமில்லாமல் நடந்து வந்து நின்றார். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"யக்கா, எதுக்க வந்திருக்கேன்" என்றார் மஞ்சுளா. "நல்ல சகுனம். நல்லாப் போங்க."

சுமங்கலி நிறைகுடத்தோடு எதிரே வருவதைவிடப் பெரிய சகுனம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஊர் பறித்ததை நடுத்தெருவில், ஊர் பார்க்க, அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தார். பெரியசாமி ஐயா வரவில்லை. பிறகு மஞ்சுளா ஒதுங்கினார், வண்டி அவரைக் கடந்து மெதுவாக நகர்ந்தது.

வழி விட்டாயிற்று, அக்கா. எங்கும் நிற்காமல் போங்கள்.