சேவியர் அண்ணன் குடித்திருக்கவில்லை

இதை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், குரூப்பில் போடாதீர்கள்... நம் வகுப்பில் ஒன்பது பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி இந்த ஸ்டேட்டஸை வைத்திருக்கிறேன்.

சேவியர் அண்ணன் செத்துப்போய்விட்டார்.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். இன்று காலை த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் கொட்டகைக்குப் போயிருக்கிறார். ஸ்டார்ட்டரில் கை வைத்ததும் ஷாக் அடித்துவிட்டது.

“குடிச்சிட்டுப் போய்த் தொட்டிருக்கான்.” வந்தவர்களிடமெல்லாம் அப்பா இதைத்தான் சொன்னார். இப்போது ஊரே சொல்கிறது. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வரவில்லை. நாளை அடக்கம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா காதிலும் இதுதான் விழப்போகிறது.

அவர் குடிக்கவில்லை. தவக்காலம் தொடங்கியதிலிருந்து தொடவே இல்லை.

நேற்று சாயங்காலம்கூடச் சொன்னார். “ஈஸ்டர் வரைக்கும் மோர்தான் பாப்பா. மாதாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். உங்க அக்கா அதையும் அளந்துதான் ஊத்துறா.”

அந்தக் கொட்டகையில் நான் செய்த பெட்டி இருந்தது. கண்காட்சிக்குக் கொண்டுவந்தேனே, அதேதான். ஸ்டார்ட்டரின் இரும்பில் கரண்ட் கசிந்தால் கத்தும். இரண்டு சின்ன பேட்டரியில் ஓடும். வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும்.

மாட்டிய அன்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “என்ன பாப்பா, சோப்பு டப்பாவ ஒட்டி வச்சிருக்க?”

“கரண்ட் கசிஞ்சா கத்தும்ண்ணே.”

“கத்துறதுக்குத்தான் எங்க வீட்ல ஆளு இருக்கே!”

ஸ்டெல்லா அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். “வீட்டுக்கு வாங்க, கத்துறேன்” என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அதுவரை டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் அவர் ஸ்டார்ட்டரைத் தொட்டதே இல்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். நான்தான் சொன்னேன்... “இனிமே அது எதுக்குண்ணே? லைட்டு மின்னுதான்னு பாருங்க, போதும்.”

“நீ சொன்னா சரி பாப்பா. படிக்கிற புள்ள.”

அந்தப் பெட்டியில் இருக்கிற சிப், பேட்டரி எவ்வளவு இறங்கிவிட்டது என்று தானே பார்த்துக்கொள்ளும். எந்த அளவுக்குக் கீழே போனால் பீப் அடித்துச் சொல்ல வேண்டும் என்பதை நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். முதலில் 2.7 வோல்ட் என்று எழுதியிருந்தேன். கசிவைப் பார்க்கிற சென்சாருக்கு அவ்வளவு வேண்டும். சிப்புக்கும் விளக்குக்கும் 1.8 இருந்தாலே ஓடிவிடும்.

2.7 வைத்தபோது இரண்டே மாதத்தில் பீப் அடித்தது. சார்ட்டில் “ஒரு வருடம் பேட்டரி மாற்ற வேண்டாம்” என்று எழுத எனக்கு ஆசை. அதனால் 1.8 ஆக்கினேன். ஒரே ஒரு வரி. பரிசு கிடைத்தது. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அதைத் திரும்ப மாற்றாமல் அப்படியே கொட்டகையில் மாட்டினேன்.

இன்று மத்தியானம் பெட்டியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். 2.1.

விளக்கு மங்கலாக மின்னிக்கொண்டுதான் இருந்தது. சென்சார் வேலை செய்யாமல் எத்தனை நாள் ஆனதோ... சிப் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று எழுதியது நான்.

அப்பாவிடம் சொன்னேன். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். “வாயத் தொறந்தேன்னா உன் படிப்பு, வாழ்க்கை எல்லாம் போச்சு. அவன் குடிச்சிருந்தான். அவ்வளவுதான்.”

எனக்குப் பயமாக இருக்கிறது. போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது? கண்ணை மூடினால், அவர் விளக்கைப் பார்த்துவிட்டுக் கை நீட்டுவதுதான் தெரிகிறது.

டெய்சி, நீ நாளை அடக்கத்துக்குப் போவாய் அல்லவா? ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும் சொல்லிவிடு, அவர் குடிக்கவில்லை என்று. என் பெயரைச் சொல்லாமல்...

அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள். பெயரைச் சொல்லியே சொல்லிவிடு.

சேவியர் அண்ணே... நீங்க பார்த்துட்டுத்தான் தொட்டீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. போயிட்டு வாங்கண்ணே.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். “இன்னும் தூங்கலையா? போன் எங்க? கதவத் தொற.”

படித்துப் பார்க்க நேரமில்லை. அப்படியே போடுகி