மைனியின் ஜப்பான் வண்டி

நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கி, ரயிலேறி, திண்டுக்கல் சரக்குக் கொட்டகையில் சில நாள் கிடந்து, கடைசியில் ஒரு மாட்டு வண்டியில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது அந்த மரப்பெட்டி. அண்ணன் கடப்பாரையால் பலகையை நெம்ப நெம்ப, உள்ளிருந்து வைக்கோலும் கசங்கிய மலாய்ப் பத்திரிகைத் தாள்களும் வந்து விழுந்தன. அப்புறம் ஒரு சிவப்பு இருக்கை தெரிந்தது. வெளிர் நீல உடல், கால்களை மறைக்கும் வெள்ளைத் தகடு, முகம் பார்க்கலாம் போல ஒரு முன்விளக்கு. அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பேகம்பூரில் அப்படியொரு வண்டியை யாரும் பார்த்ததில்லை. கதவோரம் நின்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள்.

பெட்டியை அனுப்பியவர் அண்ணனின் மாமனார். பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தவர். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சீர் வந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். பெட்ரோல் வாங்கி ஊற்றி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அவருக்கு சைக்கிள்தான் தெரியும். மிதிக்கிறார், மிதிக்கிறார், வண்டி அசையவில்லை. "ஜப்பான்காரன் பொம்மைதானே செய்வான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அந்தக் காலத்தில் ஜப்பான் சாமான் என்றால் சாவி கொடுத்தால் ஓடும் தகர பொம்மைதான், மறுநாளே உடைந்துவிடும். மோட்டார் சைக்கிள் என்றால் பட்டாளத்திலிருந்து ஏலத்துக்கு வந்த, தெருவையே அதிர வைக்கும் கனத்த வண்டிகள்தான்.

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து மைனி வந்தார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மைனி என்போம். யாரையும் பார்க்காமல் வண்டியின் பக்கவாட்டில் எதையோ திருகிவிட்டு, சேலைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கி, ஒரே ஒரு முறை மிதித்தார். வண்டி உயிர் பெற்றது. அதிர்வு இல்லை, புகை இல்லை. தையல் மிஷின் ஓடுவது போன்ற ஒரு மெல்லிய சத்தம். மைனி அண்ணனிடம் மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "இது என் வண்டி மச்சான். அங்க நான் ஓட்டுனது. அத்தாகிட்ட நாந்தான் அனுப்பச் சொன்னேன்."

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். எங்கள் அத்தா தோல் மண்டி வைத்திருந்தார். அதட்டிப் பேசமாட்டார், ஆனால் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "பினாங்குப் பழக்கம் பினாங்கோட இருக்கட்டும்மா. வண்டியை அவன் ஓட்டட்டும்." மைனி "சரி மாமா" என்றார். அவ்வளவுதான். வண்டி மண்டியின் பின்கட்டுக்குப் போனது. அதன்மேல் சாக்கு போர்த்தினார்கள்.

அண்ணன் ஓட்டட்டும் என்றால், அண்ணனுக்கு யார் கற்றுக்கொடுப்பது? ஊரில் அந்த மாதிரி வண்டி தெரிந்தவர் மைனி ஒருவர்தான். கோடையில் ஊருக்கு வெளியே குளம் வற்றிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். மைனியும் நானும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் பின்னால் நடப்போம். குளத்துக்குள் இறங்கியதும் மைனி வேறு ஆளாகிவிடுவார். "முறுக்காதீங்க மச்சான், தடவுங்க. அது குதிரை இல்ல." அண்ணன் நாணல் புதரில் போய் விழுவார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். மனைவியிடம் கற்றுக்கொள்கிறோம் என்ற கூச்சம் அவருக்கு எள்ளளவும் இருந்ததில்லை. அதற்காகவே அவரை எனக்கு அதிகம் பிடிக்கும். அவர் களைத்து உட்கார்ந்ததும் மைனி ஒரு சுற்றுப் போவார். துப்பட்டி காற்றில் படபடக்க, வெடித்த மண்ணில் குலுங்காமல் அந்த நீல வண்டி கரையோரமாக வளைந்து வரும். அண்ணன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டு நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வீட்டில் இருந்தேன். படிக்க விட்டதே பெரிது; வேலைக்கு அனுப்பும் எண்ணம் அத்தாவுக்கு இல்லை. ஒருநாள் ரெட்டியார்சத்திரத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய கன்னியாஸ்திரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரை எல்லோரும் மதர் என்று கூப்பிடுவார்கள். பயிற்சி முடித்த பெண் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு என்னைக் கேட்க வந்தவர், மைனி பினாங்கில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் என்று தெரிந்ததும் இரண்டு பேரையும் கேட்டார். "வாத்தியார் இல்லாம பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்குதுங்க, ராவுத்தரே. நீங்கதான் மனசு வைக்கணும்" என்றார். அத்தா காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு, பஸ்ஸில் கூட்டம் அதிகம், நின்றுகொண்டு போக வேண்டும், வீட்டுப் பெண்களை அப்படி அனுப்புவதற்கில்லை என்று தன்மையாகச் சொன்னார். மதர் எழுந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இனி என் படிப்புக்கு வேலை இல்லை என்றே நினைத்தேன்.

மைனி முன்னால் போனார். "மாமா, பஸ்ஸு வேணாம். வண்டி இருக்குல்ல. இவளை நான் கூட்டிட்டுப் போயிட்டு கூட்டிட்டு வாரேன்."

அத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். மதர் இருந்த இடத்திலேயே நின்றார். அண்ணன், "மைதானத்துல சைக்கிள் விடுற மாதிரி இல்லத்தா, நெசமாவே நல்லா ஓட்டும்" என்றார். "ஒனக்கு எப்படிரா தெரியும்?" என்று அத்தா கேட்டார். அண்ணன் மறைக்கவில்லை. "எனக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான்."

அத்தா மதரை அனுப்பிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். "வயசுப் புள்ளைய ஏத்திட்டுப் போறதுக்கு முந்தி நான் ஏறிப் பாக்கணும். எடும்மா வண்டிய."

அத்தா கனத்த ஆள். வண்டியோ சின்னது. பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தின்மேல் அண்ணன் எங்கள் மண்டிச் செம்மறித் தோலில் பஞ்சு திணித்து ஒரு இருக்கை செய்து போட்டிருந்தார். அதில் அத்தா ஏறியதும் சக்கரம் அமுங்கியது. பின்தெரு வழியாக, யார் கண்ணிலும் அதிகம் படாமல், பழனி ரோட்டுக்குப் போனார்கள். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சோறு குழைந்துவிட்டது. அண்ணன் தெருமுனைக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தார்.

அங்கே நடந்ததை மைனி பின்னால் பல முறை எனக்குச் சொல்லியிருக்கிறார். புளியமரங்களுக்கு நடுவே ஒரு ஆட்டு மந்தை சாலையை அடைத்தபடி வந்தது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. மைனி பதறாமல் வண்டியை ஓரம் கட்டி, காலை ஊன்றி, மந்தை போகும்வரை காத்திருந்துவிட்டு எடுத்தார். பள்ளிக்கூடத்து வாசலில் மதர் இருவரையும் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாராம். அத்தா இறங்கி, வகுப்பறைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். மறுபடி ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்து ஊர் எல்லையில் மைனி வண்டியை நிறுத்தினார். "மாமா, இங்க எறங்கி குதிரை வண்டி புடிச்சு வந்துருங்க. நான் பின்தெரு வழியா வந்துர்றேன். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." அத்தா இறங்கவில்லை. "நீ என்ன திருடிட்டா போற? கடைத்தெரு வழியாவே போ" என்றார்.

கடைத்தெரு வழியாகத்தான் வந்தார்கள். இறைச்சிக் கடை, பூட்டுக் கடை, பூக்கடை, பள்ளிவாசல் முனை எல்லாவற்றையும் கடந்து, மெதுவாக. நிலக்கோட்டைப் பூ வந்து இறங்கியிருந்த நேரம், கூட்டத்துக்குக் குறைவில்லை. அத்தா தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். தெரிந்தவர்கள் சலாம் சொன்னபோது தலையசைத்துப் பதில் சொன்னாராம். வீட்டு வாசலில் இறங்கியவர் என்னைப் பார்த்து, "தயாரா இரு. திங்கக்கெழம போகணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார். நான் மைனியைக் கட்டிக்கொண்டு அழுதேன். பெட்ரோலும் வியர்வையும் கலந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பேச்சு வராமல் இல்லை. வந்தது. அத்தாவிடம் நேரில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், "நானே ஏறி வந்தேன், நீங்களும் ஏறிப் பாருங்க." அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மதுரைக்குப் போய் மைனி லைசென்ஸ் எடுத்தார். மழைநாளிலும் நோன்புக் காலத்திலும் நாங்கள் இருவரும் அந்தச் சாலையில் போனோம், வந்தோம். நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தலைமை ஆசிரியையாகி ஓய்வு பெற்றேன். வண்டிக்கு உதிரி பாகம் இந்தியாவில் எங்கும் கிடைக்காது. பினாங்கிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் பையில் துணிக்கு நடுவே எங்களுக்கு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அண்ணன் அதைப் பிரித்து, மாட்டி, துடைத்து, தான் ஓட்டியதைவிட அதிக நேரம் அந்த வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தார். அவர் போய்ச் சேரும்வரை அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

இப்போது அது கூடத்தில் நிற்கிறது. மைனிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர், மதுரை என்று எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் தேடி வருகிறார்கள். விண்டேஜ் என்கிறார்கள், தரையில் படுத்துப் படம் எடுக்கிறார்கள், ஒரிஜினல் பெயிண்டா என்று தொட்டுப் பார்த்து மெய்மறக்கிறார்கள். போன மாதம் ஒரு பையன் ஆயக்குடியிலிருந்து கொய்யாப்பழக் கூடையோடு வந்தான். அவனும் ஜப்பான் வண்டியில்தான் வந்திருந்தான். புதிது, கறுப்பு, காளை மாதிரி திமில் வைத்தது. அவன் பழைய வண்டியின் முன்னால் உருகிக்கொண்டிருந்தபோது மைனியைக் காணவில்லை. தேடிப் போனால் வாசலில் நின்று அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, இது எம்புட்டு வேகம் போகும்?" என்று கேட்டார். அவன் சொன்னான். "பின்னாடி ஏத்திட்டுப் போவியா?"

"ஏனுங்க பாட்டி, அவங்களுக்குப் பயமா இருக்காதுங்களா?" என்றான் அவன், என்னைப் பார்த்து. நான் ஸ்டூல் எடுத்து வந்து போட்டேன். மைனி ஏறி, முக்காட்டை இழுத்து முடிந்துகொண்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பழனி ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தார்கள். திரும்பி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறங்கும்போது மைனியின் கன்னம் இரண்டும் சிவந்திருந்தது. அந்தப் பையன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றான்.

"வண்டி அருமையா இருக்கு. இவந்தான் கியர் மாத்தறப்ப ஒதறுறான்" என்றார் மைனி. "சொல்லிக் குடுத்திருக்கேன். அடுத்த வாரமும் வாரேன்னு சொல்லியிருக்கான்."